கூடம் கோணல்தான்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுத்த வீட்டில் குங்கிலியம் போடுவார்கள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு தகரத் தடுப்பு. அதில் ஆணி ஓட்டை முப்பத்தொன்று. முப்பத்தொன்றின் வழியாகவும் புகை வந்து, நான் வேதப் புத்தகத்தைத் திறக்கும் நேரமாகப் பார்த்து என் மூக்குக் கண்ணாடியின் மேல் உட்காரும். நாங்கள் கிறிஸ்தவர்கள், அதிலும் புரோட்டஸ்டண்டுகள். வீட்டில் புகை போடுகிற வழக்கமில்லை. ஆனாலும் அந்த வாசனை எனக்குப் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்றுதான் சொல்ல வந்தேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வெள்ளிக்கிழமை புகையோடு ஒரு சண்டையும் வந்தது. அந்த வீட்டுக்குப் புதிதாகக் கலியாணமாகி வந்த மருமகள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தோசையும் ஒரு பக்கம் அப்பளமாகவும் மறுபக்கம் அடையாகவும் வந்ததுபோலிருக்கிறது.

"அடுப்பு ஒரு பக்கமா சாஞ்சிகினு கீது அத்தே," என்றாள் அந்தப் பெண்.

"ஆமாண்டி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றாள் மாமியார்.

எழுபதைத் தாண்டியவன் நான். முழங்காலில் வாதம். ஆனாலும் எழுந்துவிட்டேன். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய் நின்றேன்.

"இன்னா பெரியவரே, இன்னா வேணும்?" என்றாள் அந்த அம்மாள்.

"உங்க அடுப்பு வேணும்மா. அரை நிமிஷம்."

தோசைக்கல்லை இறக்கச் சொல்லி, அடுப்பின் மேல் தட்டை வைத்தேன். தண்ணீர் ஒரு பக்கமாகப் போய் நின்றது. அடுப்புக்கு மூன்று கால். ஒரு கால் கட்டைவிரல் நகம் அளவு குறைச்சல். ஓட்டுத் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு வந்தேன். மாமியார் ஆறு நாளாக என்னோடு பேசுவதில்லை. மருமகள் இரண்டு தோசை அனுப்பினாள். இரண்டும் எல்லாப் பக்கமும் ஒரே கனம்.

அந்தப் பழமொழி காதில் விழுந்தால் எனக்கு ரத்தம் சூடாகிவிடும். இந்தத் தேசத்தில் எத்தனையோ பேர் அதைச் சொல்லியிருப்பார்கள். ஒருவராவது எழுந்துபோய்க் கூடத்தை அளந்து பார்த்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?

அதை மறக்க முடியாதபடி எனக்குச் சொன்னவர் ஒரு வெள்ளைக்காரர். எங்கள் தங்கச் சுரங்கத்துக் காவல்காரர்களுக்கெல்லாம் அதிகாரி. காவல் துரை என்போம். எந்தச் சுரங்கம் என்று கேட்காதீர்கள். கோரமண்டல் சுரங்கத்திலிருந்து நந்திதுர்க் சுரங்கம் வரைக்கும் எல்லாப் புகைபோக்கியும் ஒன்றுபோலத்தான் புகைந்தது, எல்லாத் துரைகளும் ஒன்றுபோலத்தான் நடந்தார்கள். இவர் ஒன்றில் மட்டும் வேறு. முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர். நாற்பது பழமொழி தெரியும் என்று சொல்லிக்கொள்வார். நான் எண்ணியவரை பதினேழு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன் என்று சுரங்கத்துப் பட்டறையில் ரைட்டர் வேலை கொடுத்திருந்தார்கள். மின்சாரம் வருவதற்கு முந்திய காலம். பட்டறை முழுக்க நீராவி ஓடும். தோல் வார்கள் படபடக்கும். ஆமணக்கெண்ணெயும் சுட்ட இரும்பும் கலந்த வாசனை வீட்டுக்குப் போன பிறகும் சட்டையை விட்டுப் போகாது. கடைசல் எந்திரம் நான்கு, சாமானை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் பதினொன்று. எந்தச் சாமான் வந்தது, அதற்கு என்ன பழுது, யார் பார்த்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. எழுதுவதோடு விட்டிருந்தால் எனக்கும் நிம்மதி, மற்றவர்களுக்கும் நிம்மதி. நான் எழுதியதையெல்லாம் மறுபடி எண்ணிப் பார்க்கிறவன். இது ஒரு வியாதி. என் மனைவி உயிரோடிருந்தவரை சோற்றுப் பருக்கையையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சுவாள்.

வாரத்துக்கொரு தரம் தங்கப் பெட்டி ரயிலடிக்குப் போகும். பெட்டி வண்டியில் கூட உட்கார்ந்து போகிறவர்கள் தபேதார்கள். அவர்களுக்கென்று ஆறு ரிவால்வர்கள், ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் அடித்து இருந்தன. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவை பட்டறைக்கு வரும். துடைத்து எண்ணெய் போட்டுத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். துடைப்பதற்கு மேல் ஒரு திருகாணியைத் தொட்டாலும் வேலை போகும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது.

மூன்று மாதத்துக்கொரு தரம் தபேதார்களுக்குச் சுடும் பரீட்சை. இடம், பாறை அரைக்கிற ஆலையிலிருந்து தள்ளிய சாம்பல் நிற மணல் மேட்டின் அடிவாரம். இருபது கெஜத்தில் ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு பலகையை நிறுத்துவார்கள். ஆறு குண்டில் நான்கு பலகையில் விழ வேண்டும். விழாவிட்டால் ஒரு மாதம் கழித்து இன்னொரு தவணை. அதிலும் தவறினால் இடுப்புப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை அள்ள வேண்டும், அல்லது ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். எத்தனை குண்டு விழுந்தது என்று எண்ணி எழுத என்னைத்தான் கூட்டிப்போவார்கள்.

துளசிங்கம் என்று ஒரு தபேதார். வேலூர்ப் பக்கத்துக்காரர். பத்து வருஷம் சுரங்கத்துக்குள்ளே வேலை செய்தவர். ஒருநாள் பாறை ஏற்றிய டிராலி இடது காலில் ஏறிவிட்டது. ஏணியில் கால் வைக்க முடியாது என்றுதான் அவருக்கு வண்டியில் உட்காருகிற வேலை கொடுத்தார்கள். இரண்டு வருஷம் இரண்டாம் நம்பர் ரிவால்வரில் சுட்டு எல்லாப் பரீட்சையிலும் தேறினார். பிறகு அவருக்கு ஐந்தாம் நம்பரை மாற்றிக் கொடுத்தார்கள். முதல் பரீட்சையில் ஆறும் வெளியே. ஆறு தரமும் பலகைக்கு இடது பக்கம் மணல் துள்ளியதை நான் பார்த்தேன்.

"இது இடப்பக்கமா இழுக்குதுங்க தொரே," என்றார் துளசிங்கம்.

துரை மீசையைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சப்பித் துப்புகிற தமிழில், "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்," என்றார். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல என்னைப் பார்த்தார். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

துளசிங்கத்தின் கதி எனக்குத் தெரியும். மறுபடி தவறினால் அந்தக் காலோடு உள்ளே இறங்க முடியாது. ஊரில் ஏரி வறண்டு மூன்று வருஷம். சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டிய லைனில் இருந்த ஓரறை வீடும் வேலையோடு போய்விடும். மனைவி, நான்கு பிள்ளைகள், ஒரு மாமனார்.

அன்று மத்தியானம் பரீட்சைப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஐந்தாம் நம்பரை வைத்துச் சுட்டவர்களை மட்டும் எண்ணினேன். முந்திய வருஷங்களில் ஒருவரும் தவறவில்லை. கடைசி ஒன்றரை வருஷத்தில் வீராசாமி தவறி வேலை போனது. பிறகு சவரி. பிறகு கோவிந்தன். மூன்று பேர், ஒரே ரிவால்வர். நடுவில் என்ன நடந்தது என்று பட்டறைப் பதிவேட்டைப் பார்த்தேன். காவல் துரையின் கையெழுத்திலேயே ஒரு வரி: ஐந்தாம் நம்பர் குழலில் குண்டு சிக்கியது, குழலைக் கழற்றிக் குண்டை நீக்கித் திரும்ப மாட்டினேன். துரைக்குக் கைவேலை செய்து பார்க்க ஆசை. ஆள் இல்லாத ஒரு விடுமுறை நாளில் எங்கள் வைஸில் வைத்துத் தானே செய்திருக்கிறார்.

துரையிடம் போனேன். அவருடைய வரியைச் சொல்லத் தைரியம் வரவில்லை. மூன்று பேரும் ஒரே ரிவால்வர் என்பதை மட்டும் சொன்னேன்.

"ரைட்டர் வேலை எழுதுவது," என்றார். பிறகு பழமொழியை அன்றைக்கு இரண்டாம் தரமாகச் சொன்னார்.

பட்டறையில் ஏகாம்பரம் மேஸ்திரி என்று ஒரு பிட்டர். பதினொரு வைஸில் கதவோரத்து வைஸ் அவருடையது. வேறு யாரும் தொட்டால் கெட்ட வார்த்தை வரும். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

"இன்னா ரைட்டரே, பென்சிலு காதுல கீது, கவலை மூஞ்சில கீது. எத்தினி ஈ பறக்குதுன்னு எண்ணிகினு கீறியா?"

விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

ரிவால்வர்கள் பட்டறைக்கு வந்த சனிக்கிழமை, துடைக்கிற சாக்கில் ஐந்தாம் நம்பரை வைஸில் பிடித்தார். அதன் உடல் மேல் ரசமட்டத்தை வைத்து, சாய்வில்லாமல் நிறுத்தினார். சுரங்க வாயில் மரமுட்டு நிறுத்துகிறவர்கள் கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது தூக்குக்குண்டு கட்டித்தான். அதேபோல ஒரு நூலில் சின்ன ஈயக் குண்டைக் கட்டிக் குழல் முனைக்கு நேரே தொங்கவிட்டு, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். குழலின் நுனியில் குறி பார்க்க ஒரு சிறு தகடு நிற்குமல்லவா, அது நூலோடு ஒட்டி நிற்கவில்லை. வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அரிசி மணியின் பாதி அகலம் இருக்கும்.

"பாத்தியா ரைட்டரே? கொடிக்கம்பம் மாதிரி நிக்க வேண்டியது, கள்ளுக்கடைலர்ந்து வந்தவன் மாதிரி நிக்குது."

"அரை அரிசிதானே?"

"இங்க அரை அரிசி. பலகைகிட்ட போறப்போ அது அஞ்சு அங்குலம் ஆயிடும். பலகையே ஒம்போதுதான."

குழல் என்பது போல்ட்டுபோல ரிவால்வரின் உடலுக்குள் திருகி நிற்பது. முழுக்கத் திருகாமல் ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்திவிட்டால் நுனித் தகடு வலப்பக்கம் சாய்ந்துவிடும். சுடுகிறவன் அதைப் பின்குறிக்கு நேராகக் கொண்டுவர வேண்டுமென்றால் குழலை இடப்பக்கம் தள்ள வேண்டும். நன்றாகக் குறி பார்க்கத் தெரிந்தவன் எவ்வளவு ஒழுங்காகப் பார்க்கிறானோ அவ்வளவு ஒழுங்காகத் தவறுவான். தெரியாதவன் கை நடுங்கிச் சுட்டால் ஒன்றிரண்டாவது பலகையில் விழும்.

"இத்த நாலு பேருக்குக் குடுத்துட்டு, சுடத் தெரியலன்னு சொல்லிகினு கீறானுங்களா," என்றார் ஏகாம்பரம். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்று மிகவும் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை துரைமார் அவர்கள் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் என் கோயிலில் இருக்க வேண்டிய நேரம். என் வாழ்நாளில் வியாதி இல்லாமல் நான் தவறவிட்ட பிரசங்கம் ஒன்றே ஒன்று, அது இதுதான். பட்டறைக் காவல்காரரிடம் பதிவேடு எழுத வந்தேன் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை, பிறகு எழுதினேன்.

ஏகாம்பரம் தேக்குக் கட்டை இரண்டில் பள்ளம் குடைந்து வைத்திருந்தார். குழல் வழுக்காமல் இருக்க அந்தப் பள்ளத்தில் குங்கிலியத்தைப் பொடித்துத் தூவினார். கட்டைகளுக்கு நடுவே குழலை வைத்து வைஸை இறுக்கினார். ரிவால்வரின் உடலுக்கு ஏற்றபடி வெட்டிய மரச்சட்டம் ஒன்றை மாட்டி, ஒரே இழுப்பு. குங்கிலியம் உராய்ந்து சூடாகி வாசனை எழுந்தது. கோயில் மணி அப்போது அடித்துக்கொண்டிருந்தது; இருபத்து நான்கு அடி.

குழல் கழன்று வந்ததும் அவர் அதன் திருகுமரையைத் துணியால் துடைக்காமல் ஊசி முனையால் கிளறினார். வெங்காயத் தோல்போல மெல்லிய ஈயச் சீவல் ஒன்று பெயர்ந்து வந்தது. துரை இடித்து வெளியே தள்ளிய குண்டின் சீவல். அது விளிம்பில் ஒட்டிக்கொண்டு குழலைக் கடைசி இம்மி போகவிடாமல் தடுத்திருக்கிறது. இறுகிவிட்டது என்று துரை நிறுத்திவிட்டார்.

"இதுக்குத்தான் மூணு பேரு வேல போச்சு," என்று சொல்லி அதை என் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை.

சுத்தம் செய்து, மறுபடி திருகினார். நுனித் தகடு நூலோடு போய் ஒட்டி நின்றது. குழலுக்கும் குண்டு போடுகிற உருளைக்கும் நடுவே மெல்லிய காகிதம் விட்டுப் பார்த்தோம். ஆறு அறைக்கும் ஆறு தரம் தடையில்லாமல் போய்வந்தது. பிறகு குழலும் உடலும் சேருமிடத்தில் ஊசியால் ஒரு சின்னக் கோடு கீறினார், இனி யாராவது அசைத்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும் என்று.

"தபேதாருக்குச் சொல்லிடலாமா?" என்றேன்.

"வேணாம். தெரிஞ்சா அவரும் கூட்டுக் களவாணி. தெரியாதவன் நேரா சுட்டுட்டுப் போவட்டும்."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு புத்திசாலிகள் சேர்ந்தால் இப்படித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை மணல் மேட்டில் பரீட்சை. துரை, அவர் நாய், இரண்டு காவல்காரர்கள், நான், துளசிங்கம். துளசிங்கம் காலை அகட்டி நின்று, நிதானமாகக் கையை உயர்த்தினார். முகத்தில் பயமே இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. சுட்டார்.

பலகைக்கு வலது பக்கம் மணல் துள்ளியது.

தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதும் சுட்டார். அதே இடம், வலது பக்கம். நாய் குரைத்தது. துரை சிரித்தார். "இன்று கூடம் அந்தப் பக்கம் கோணலா?" என்றார்.

துளசிங்கம் ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் வெளுத்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதரும் மணல் துள்ளிய இடத்தைப் பார்த்தவர்தானே. ஐந்து அங்குலம் இடப்பக்கம் இழுக்கிறது என்று கணக்குப் போட்டு, ஒரு மாதமாக வீட்டுச் சுவரில் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு ஐந்து அங்குலம் வலப்பக்கம் தள்ளிக் குறி பார்த்துப் பழகியிருக்கிறார். இதைப் பின்னால் அவர் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டேன். நாங்கள் பேசாமல் இருந்திருந்தால் அன்று அவர் பாட்டுக்கு ஆறையும் பலகையில் போட்டிருப்பார். அவர் வாழ்க்கையைக் காப்பாற்றப் போய் நாங்கள்தான் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

மீதி நான்கு குண்டு. நான்கும் விழ வேண்டும். பரீட்சை நடக்கும்போது ரைட்டர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ரிவால்வரைத் தொட்டது வெளியே வரும். மூன்று வரை எண்ணினேன் என்று நினைக்கிறேன்.

"ண்ணா, நேரா சுடுங்க. குழல நிமித்தியாச்சு."

துளசிங்கம் தலையைத் திருப்பினார். "எப்போ?"

"ஞாயித்துக்கெழம."

"சொல்றதில்லையாய்யா?" என்றார். அவ்வளவு அலுப்பாக யாரும் என்னை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"என்ன பேச்சு? என்ன பேச்சு?" என்று துரை கத்துவதற்குள் அவர் திரும்பிக் கையை உயர்த்திவிட்டார். மூன்றாவது குண்டு பலகை நடுவில். நான்காவது அதற்குக் கீழே, ஒரு விரல் தள்ளி. ஐந்தாவதும் பலகையில். ஆறாவது பலகையின் வலது ஓரத்தைக் கவ்விக்கொண்டு போனது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பாதி ஓட்டை மரத்தில், பாதி வெளியே.

"அது வெளியே," என்றார் துரை.

"அரை ஓட்டையும் ஓட்டைதான் சார். மரம் போயிருக்கிறது," என்று சொல்லி நான்கு என்று எழுதினேன். மையில் எழுதினேன், பென்சிலில் அல்ல.

அன்று பதினொரு மணிக்குத் துரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ரிவால்வரைத் தொட்டது யார் என்றார். நான்தான் என்றேன். கதவோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரைட்டருக்குப் பென்சிலு சீவவே தெரியாதுங்க தொரே. தொட்டது நானு." ஏகாம்பரம் அழைக்காமலே வந்து நின்றார். கையில் ரசமட்டம்.

நான் பரீட்சைப் பதிவேட்டைத் திறந்து வைத்தேன். வீராசாமி, சவரி, கோவிந்தன். அதன் பக்கத்தில் பட்டறைப் பதிவேடு, துரையின் கையெழுத்து இருந்த பக்கம். அதன் மேல் ஒரு காகிதத்தில் அந்த ஈயச் சீவல். அவர் மூன்றையும் வெகு நேரம் பார்த்தார். மேசை மேல் கடிகாரம் இருந்தது, நான் எண்ணவில்லை. எண்ணாமல் விட்ட சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

கடைசியில் நிமிர்ந்தார். "அனுமதி இல்லாமல் மாற்றியிருக்கிறீர்கள். முன்பு எப்படி இருந்ததோ அப்படியே திருப்பி வைக்க வேண்டும். உத்தரவை எழுது, கையெழுத்துப் போடுகிறேன்."

எழுதினேன். நல்ல இங்கிலீஷில், குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன். அதன் சாரம் இதுதான்: ஐந்தாம் நம்பர் ரிவால்வரின் குழலை முன்பிருந்த நிலைக்கு, அதாவது செங்குத்திலிருந்து வலப்பக்கம் இவ்வளவு சாய்ந்திருக்கும்படி, திருப்பி வைக்கவும். அளவு எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுத் தாளை நீட்டினேன்.

"எவ்வளவு சாய்வு என்று தாங்கள் எழுதினால் மேஸ்திரி அப்படியே செய்வார் சார்."

பேனாவை எடுத்தார். அளவு எழுதினால் கோணல் இருந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டதாகும். எழுதாவிட்டால் திருப்ப ஒன்றுமில்லை.

ஏகாம்பரம் ரசமட்டத்தை மேசை மேல் வைத்தார். "அளந்து சொல்லுங்க தொரே. நாங்க ஏழைங்க, எங்களுக்கு நேரா வெக்கத்தான் தெரியும்."

துரை பேனாவை மைக்கூட்டில் திரும்ப வைத்தார். வெளியே போகச் சொன்னார். தாளை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஐந்தாம் நம்பர் கடைசி வரைக்கும் நேராகவே இருந்தது. துளசிங்கம் வேலையில் நிலைத்தார். பழமொழி மட்டும் நின்றுபோனது. அதற்குப் பிறகு துரை பதினாறோடு காலம் தள்ளினார்.

எனக்குத் தண்டனை இல்லாமலில்லை. பட்டறையிலிருந்து தூக்கிச் சுரங்க வாயில் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டருகே உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் எத்தனை பேர் உள்ளே இறங்கினார்கள், எத்தனை பேர் மேலே வந்தார்கள் என்று எண்ணுவது வேலை. எண்ணுகிறவனுக்கு எண்ணுவதைத் தண்டனையாகக் கொடுத்த புத்திசாலித்தனத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். ஏகாம்பரத்தை ஒன்றும் செய்யவில்லை. அந்த வைஸில் அவர் செய்கிற வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லை.

அந்த மூன்று பேருக்கும் வேலையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மூன்று மனு எழுதினேன். ஒன்றுக்கும் பதிலில்லை. வீராசாமி குடியாத்தம் பக்கம் போய்விட்டார். கோவிந்தன் எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சவரி மட்டும் தினமும் என் முன்னால் வருவார். பட்டையைப் பறிகொடுத்த பிறகு பாறை அள்ளப் போனவர். கூண்டில் ஏறும்போது நான் அவரை ஒன்று என்று எண்ண வேண்டும், வெளியே வரும்போதும் எண்ண வேண்டும். இரண்டு வாரம் பார்வையைத் தாழ்த்திக்கொண்டே எண்ணினேன். பிறகு ஒருநாள் நிறுத்திச் சொன்னேன்: ரிவால்வர்தான் கோணல், உங்கள் கை சரியாகத்தான் இருந்தது, எழுத்திலேயே இருக்கிறது என்றேன்.

அவர் மெழுகுவர்த்தியைத் தொப்பியில் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் ரைட்டரே."

"அப்போ ஏன் சொல்லல?"

"சொன்னனே. இன்னா பழமொழி சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான பக்கத்துல எழுதிகினு இருந்தீங்க." மெழுகு சரியாக ஒட்டியதா என்று தட்டிப் பார்த்தார். "நானே சொல்லிகினா அது சாக்கு. வேற ஒருத்தர் சொல்லணும். இப்போ சொன்னீங்கல்ல, போதும். எண்ணிக்குங்க." கூண்டுக்குள் ஏறிக்கொண்டார். எண்ணிக்கொண்டேன். சாயங்காலம் வெளியே வந்தபோதும் எண்ணினேன். அவர் ஓய்வு பெறும் வரை நான் அவரை இரண்டு தரம் எண்ணாத வேலைநாள் இல்லை.

இப்போது அந்தப் பட்டறை இல்லை; அந்த இடத்தில் பெரிய கொட்டகை கட்டிவிட்டார்கள், தோல் வாரின் படபடப்பு போய் மின்சாரத்தின் முனகல்தான் கேட்கிறது. தேக்குக் கட்டை இரண்டும் யார் வீட்டு அடுப்பில் எரிந்தனவோ. மணல் மேடு வளர்ந்து வளர்ந்து, துளசிங்கம் நின்று சுட்ட இடம் அதன் வயிற்றுக்குள் போய்விட்டது. போன வருஷம் நடந்து பார்த்தேன். என் வீட்டிலிருந்து மேட்டின் அடிவாரம் முன்பு தொள்ளாயிரத்து நாற்பது அடி, இப்போது எழுநூற்றுச் சொச்சம். மேடு என்னை நோக்கித்தான் வருகிறது. துளசிங்கம் போய்விட்டார், சவரி போய்விட்டார், ஏகாம்பரம் மேஸ்திரி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்ததற்காக அவர் மேல் எனக்கு இன்னும் கோபம். துரை சீமைக்குப் போன கப்பலே இப்போது இருக்காது.

அந்த உத்தரவுத் தாள் மட்டும் என் வேதப் புத்தகத்துக்குள் இருக்கிறது. மடிப்பு நான்கும் பழுத்து, ஓரம் உதிர்கிறது. வலப்பக்கம் என்பதற்கான இங்கிலீஷ் சொல்லுக்குப் பின்னால் நான் விட்ட இடம் ஒன்றரை அங்குலம். கையெழுத்துப் போட வேண்டிய இடம் அதற்கு ஐந்து வரி கீழே. அடுத்த வீட்டுப் புகை வரும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். போன வெள்ளிக்கிழமை, அந்த இரண்டு தோசையையும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவி வந்து பார்த்தேன். இரண்டு இடமும் காலியாகத்தான் இருக்கின்றன.